களவு போன சத்தம்

"அக்கா, மூர்த்தி சார் வந்துட்டாங்களா?"

மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டாள் பிரேமினி. திங்கட்கிழமை காலை; கொட்டகலைக் கடைவீதி முழுக்கச் சேறு. கண்கள் சிவந்திருந்ததைப் பார்த்ததும் நாகலெட்சுமிக்கு உள்ளூர ஒரு துள்ளல். அடுத்தவர் அழுகையில் துள்ளலா என்று கேட்காதீர்கள். அவள் மனசு நல்ல மனசுதான்; ஆனால் மர்மம் என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம்.

அது 2003ஆம் ஆண்டு. கைத்தொலைபேசி பெரிய மனிதர்களின் சட்டைப்பையில் மட்டும் இருந்த காலம். நாகலெட்சுமியின் கம்யூனிகேஷன் கடைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். கொழும்புக்கும் துபாய்க்கும் கோல் எடுக்கிறவர்கள் ஒரு வகை. அவர்களால் அடுப்பு எரிந்தது. கணேசமூர்த்தியைத் தேடி வருகிறவர்கள் இன்னொரு வகை. அவர்களால் அவளுக்குப் பொழுது இனித்தது.

கணேசமூர்த்தி காப்புறுதிக் கம்பெனிகளுக்காக, அதாவது இன்சூரன்ஸ்காரர்களுக்காக, நட்டம் மதிப்பிடுகிறவர். எரிந்த கடை, உருண்ட லொறி, காணாமல் போன நகை எதுவானாலும் போய்ப் பார்த்து, சொன்னபடிதான் நடந்ததா என்று சொல்லுவார். அவருக்கென்று கந்தோர், அலுவலகம் என்று எதுவும் கிடையாது. நாகலெட்சுமியின் கடை பெஞ்சும், ஒரு வெறுந்தேத்தண்ணியும் போதும். கோபமோ அவசரமோ அவர் முகத்தில் வந்ததை யாரும் பார்த்ததில்லை.

"உக்காரும்மா. என்ன காணாமப் போச்சு?" என்றார் பெஞ்சில் இருந்தபடியே.

"சத்தம் சார்," என்றாள் பிரேமினி.

நாகலெட்சுமி சிரித்துவிட்டாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

எதிர்ச்சாரியில் சிவராசா மாஸ்டரின் தட்டச்சு, கணினி நிலையம். பிரேமினி அங்கே படிக்கிறவள்; காலையில் கதவு திறக்கிறதும் அவள்தான். அங்கே மூன்று கம்பியூட்டருக்கு மெத்தென்ற ரப்பர் கீபோட். நாலாவதற்கு மட்டும் செங்கல் கனத்தில் ஒரு பழைய ஜெர்மன் கீபோட். கொழும்பில் மூடிய ஒரு கந்தோரிலிருந்து வந்தது. ஒவ்வொரு விசைக்கும் 'டக்' என்று தெறிக்கும். மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் தட்டச்சு மெசின் வைத்துப் படிப்பித்தவர். இடம்பெயர்ந்து இந்த மலைக்கு வந்தவர். சத்தம் வராவிட்டால் அது தட்டச்சே இல்லை என்பது அவர் கட்சி. டக்கெல்லாம் ஒரே சீராக விழுந்தால் வேகமும் சீராகும் என்றுதான் பிள்ளைகளைப் பழக்கியிருந்தார். எழுத்தைப் பார்த்துத் தட்டக் கூடாதென்று விசைகளின் எழுத்தையெல்லாம் கறுப்பு எனாமல் பூசி அழித்தும் வைத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை போயா, பௌர்ணமி லீவு. சனி ஞாயிறும் பாடம் இல்ல. அதனால வியாழக்கிழமை சாயங்காலம் மூடினது இன்னிக்குக் காலையிலதான் தெறந்தேன். சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. போர்த்தின துணியை எடுத்துட்டுத் தட்டுறேன், சத்தமே வரல. கீபோட் அதேதான் சார், ஓரத்துல ஒடைஞ்ச இடங்கூட அப்படியே இருக்கு. சாம்பிராணி போட்ட மாதிரி ஒரு வாசம் மட்டும் வந்துச்சு."

"அதுக்கு ஏம்மா அழுற?"

பிரேமினி மூக்கை உறிஞ்சினாள். சனிக்கிழமை ஹட்டனில் ஆஸ்பத்திரிக் கந்தோருக்குத் தட்டச்சாளர் தேர்வு. நிலையத்துக்கு ஒருவர்தான் போகலாம். மாஸ்டர் அவளைத்தான் தேர்ந்திருந்தார். அந்தக் கந்தோருக்குப் பக்கத்திலேயே வார்டு இருப்பதால் அங்கே சத்தமில்லாத கீபோட்தான். "அதுல ஒரு தடவை பழகிப் பாக்கவா சார்னு போன வாரம் கேட்டேன். அதுதான் வினை. நாந்தான் ஆள் வச்சு மாத்திட்டேங்கிறாரு. 'உன்னைக் கூட்டிக்கொண்டு போக மாட்டன்'னு சொல்லிட்டாரு. எங்க தோட்டத்து லயத்துல காலையில பெரட்டுக்கு நின்னு கொழுந்து பறிக்கப் போகாம கந்தோருக்குப் போற மொத ஆளு நானாத்தான் இருப்பேன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க."

மூர்த்தி தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். நாகலெட்சுமி அதற்குள் குடையுடன் தெருவில் நின்றாள்.

நிலையத்தில் மாஸ்டர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். "வாங்கோ. இந்தப் பிள்ளையை நான் என்ர பிள்ளையாத்தான் பார்த்தனான். செய்த வேலையைப் பாருங்கோ," என்றார்.

மூர்த்தி கீபோட்டைப் பார்க்கவில்லை. சிவப்புச் சிமெந்துத் தரையைப் பார்த்தார். "இன்னிக்குக் காலையில தெறந்தப்ப இங்க சேறு இருந்துச்சாம்மா?"

"இல்ல சார். வியாழக்கிழமை நான் கூட்டித் தொடைச்சுட்டுப் போன மாதிரியே இருந்துச்சு."

மூன்று நாளாக விடாத மழை. நாகலெட்சுமி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள். அது வாசலிலிருந்து மேசைவரை வரைபடம் போட்டிருந்தது.

மூர்த்தி அறையைச் சுற்றி வந்தார். மூலையில் வெறும் தேயிலைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றில் பாதிவரை புத்தகம். மேலே பலகைத் தளத்தில் யாரோ நடக்க, ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. கட்டட உரிமையாளர் அழகம்மாவின் மகள் பிள்ளை பெற்று வந்திருந்தாள். சிணுங்கல் கேட்டதும் மாஸ்டர் மேலே பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பக்கச் சுவரும் பலகைதான். நடுவே ஒரு கதவு.

"அந்தப் பக்கம் ஆண்டியப்பனோட ரேடியோக் கடைதானே?" என்றார் மூர்த்தி.

"ஓம். ரெண்டும் ஒரு காலத்தில ஒரே கடை. அந்தாளோட நான் கதைக்கிறேல்லை. பாடம் நடக்கேக்க ரேடியோவை அலற விடுறார். குறைக்கச் சொன்னதுக்கு, 'ஒங்க கீபோட்ட கொண்டாங்க, நான் அதையும் கொறைச்சுத் தர்றேன்' எண்டு நக்கல். என்ர சாமானில கை வைக்கவே கூடாதெண்டு சொல்லிப்போட்டன். அண்டைக்கு அதோட கதை சரி. கதவும் பூட்டினபடிதான்."

"பூட்டு எந்தப் பக்கம் மாஸ்டர்?"

மாஸ்டர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பக்கம்," என்றார் பிறகு.

மூர்த்தி கீபோட்டின் முன் பிரேமினியை உட்கார வைத்தார். அவள் தட்டினாள். எழுத்துகள் துணிக்குள் சுற்றியதுபோல் மங்கி விழுந்தன. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் நீளக் கட்டையைத் தட்டும்போது மட்டும் 'டக்' என்றது. எண் விசைகளும் அம்புக்குறிகளும் பழையபடி டக் டக் என்றன.

"இன்னொன்னும் இருக்கு சார்," என்றாள். "ஆள்காட்டி விரல் வைக்கிற ரெண்டு விசையிலயும் சின்னதா மேடு இருக்கும். அதைத் தடவித்தான் கையை வப்போம். இப்ப அது சுண்டு விரல்ல படுது."

"ரெண்டு ஓரத்துலயுமா?"

"ஆமாங்க."

மூர்த்தி குனிந்து கீபோட்டை முகர்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாகலெட்சுமிக்கு மட்டும் தெரியும். அவர் இடது காதைத் தடவினால் பாதி வழக்கு முடிந்தது என்று அர்த்தம். இப்போது தடவினார்.

மாலையில் அதே நிலையத்தில் விளையாட்டுக் கூட்டம். அதை நடத்துவது மாஸ்டரின் அக்கா மகன் றமணன். இருபத்திரண்டு வயது, கார் ஓட்டும் விளையாட்டில் கடைவீதிக்கே ராஜா. நாகலெட்சுமி வழியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"அவந்தான் அண்ணே. அந்தக் கீபோட்ட 'கட்டைவண்டி'ம்பான். சத்தமும் புடிக்காது அவனுக்கு. மாமன் வீட்டுலயே இருக்கான், சாவியும் எடுத்திருப்பான்."

"கேப்போம் தங்கச்சி," என்றார் மூர்த்தி. அந்தக் 'கேப்போம்' நாகலெட்சுமியின் எத்தனையோ தீர்ப்புகளை ஊற்றி அணைத்த தண்ணீர்.

றமணன் ஒளிக்கவில்லை, ஆசையாகவே சொன்னான். ஒரு விசையின் மூடியை நெம்பி எடுத்தான். அடியில் குட்டிப் பெட்டிபோல் ஒரு சுவிட்ச், அதன் நடுவில் நிறமான ஒரு தண்டு.

"இந்த எண் விசையைப் பாருங்கோ, நீலம். அமத்தேக்க டக்கெண்டும். டைப் அடிக்கிற ஆக்களுக்கு அதுதான் விருப்பம், விசை விழுந்தது காதுக்கே தெரியும். என்ர கீபோட், சுவிசில இருக்கிற மற்ற மாமா அனுப்பினது, கறுப்பு. சத்தமும் இல்லை, இடையில தடங்கலும் இல்லை, வழுக்கிக்கொண்டு போகும். விளையாட அதுதான் திறம்." பிறகு ஓர் எழுத்து விசையைத் திறந்தவன் புருவத்தை உயர்த்தினான். "இது பழுப்பு! டக் எண்டாது, ஆனா பாதியில விரலுக்கு ஒரு சின்னத் தட்டுப்பாடு தெரியும். ஆக்கள் பக்கத்தில பக்கத்தில இருந்து வேலை செய்யிற கந்தோருக்கெண்டு செய்தது. ஒரே கம்பெனிதான், அதால ஓட்டையும் பொருந்தும். ஆரோ ஈயத்தை உருக்கி ஒவ்வொண்டா மாத்தியிருக்கினம்."

"நீ விளையாடுறப்ப எந்த விசை தேவை?"

"அம்புக்குறி நாலும். வேற என்ன?"

மூர்த்தி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். நாகலெட்சுமியின் முகம் தொங்கிவிட்டது. தெருவைக் கடக்கப் போனவளை நிறுத்தி, "ஒன் ரேடியோ கரகரங்குதுன்னியே. ஆண்டியப்பன்கிட்ட காட்டிட்டுப் போவோம்," என்றார்.

ஆண்டியப்பன் நாற்பத்தைந்து வயது ஒண்டிக்கட்டை. கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட, அவர் மட்டும் இங்கே தங்கிவிட்டார். ரேடியோக்களுக்கு நடுவே அவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மேசையில் ஓர் இரும்புத் தகடு நிமிர்ந்து நின்றது. வரிசை வரிசையாகச் சதுர ஓட்டைகள், ஓட்டைக்கொன்றாக ஸ்க்ரூ டிரைவர் செருகியிருந்தது. கெட்டிக்கார யோசனை என்று நாகலெட்சுமி நினைத்துக்கொண்டாள். ஒரு வயர் நுனியில் அவர் ஈயம் வைத்ததும், பிசின் புகை மெல்லக் கிளம்பியது.

கோவில் வாசம். நாகலெட்சுமியின் கையிலிருந்த குடை நழுவியது. மூர்த்தி அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, "நாளைக்குச் சாயங்காலம் கொஞ்சம் மாஸ்டர் கடைக்கு வாங்க," என்றார் ஆண்டியப்பனிடம். ஆண்டியப்பன் எதற்கென்று கேட்கவில்லை. கேட்காததை நாகலெட்சுமிகூடக் கவனித்தாள்.

மறுநாள் மாலை நிலையத்தில் ஐந்து பேரும் இருந்தார்கள். மாஸ்டர் நாற்காலியில்; பிரேமினி சுவரோரம்; றமணன் மேசை மேல்; ஆண்டியப்பன் உள்ளே வரமாட்டேன் என்பதுபோல் வாசற்படியில்; நாகலெட்சுமி எல்லாருடைய முகமும் தெரிகிற இடத்தில். மூர்த்தி மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"காணாமப் போன சத்தத்தைத்தான் எல்லாரும் பாத்தீங்க. நான் புதுசா வந்த சுவிட்ச்சைப் பாத்தேன். கெடுக்கணும்னு நெனைச்சவன் ஒரு வயரை அறுத்துட்டுப் போயிருப்பான். இதைச் செஞ்சவர் ஒவ்வொண்ணா உருக்கி எடுத்து, ஒவ்வொண்ணா வச்சிருக்காரு. அதுவும் எதை? விளையாட்டுக்காரன் கேக்கிற கறுப்பை இல்ல. அப்படி இருந்தா அம்புக்குறிதான் மொதல்ல மாறியிருக்கும். அது இன்னும் டக்குங்குது. றமணன் இல்ல. வச்சது பழுப்பு. சத்தம் போகணும், ஆனா டைப் பண்ற பிள்ளையோட விரலுக்குக் கொறை வரக் கூடாதுன்னு பாத்துப் பாத்து எடுத்தது."

"அப்ப இவளேதான்!" என்றார் மாஸ்டர்.

"பிரேமினியா இருந்தா மேடு வச்ச விசை ரெண்டும் இடம் மாறியிருக்காது மாஸ்டர். விரல் வச்சுப் பழகின யாரும் அதைச் சுண்டு விரலுக்கு வைக்க மாட்டாங்க. எழுத்தில்லாத கறுப்பு மூடிங்க. கழட்டி ஒரு டின்னுல போட்டா எது எங்க இருந்துச்சுன்னு தெரியாது. உயரத்தை வச்சு வரிசையைக் கண்டுபிடிச்சிடலாம். இந்த மேடு எதுக்குன்னு மட்டும் ஊகிக்கணும். ஊகிச்சாரு. பாடத்தை எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?"

மாஸ்டர் பதினைந்து வருடப் பழக்கத்தில் வாய் தவறாமல் சொன்னார்: "ஏ, எஸ், டி, எஃப். செமிகோலன், எல், கே, ஜே."

"இடது கை ஏ-யில, வலது கை செமிகோலன்ல. ரெண்டும் சுண்டு விரல். பாடம் தொடங்குற எடத்துக்குத்தான் அடையாளம் வச்சிருப்பாங்கன்னு நெனைச்சிருக்காரு. அப்ப அவர் இந்தப் பாடத்தைத் தினமும் கேட்டவர். ஆனா ஒரு நாள்கூட இங்க வந்து உக்காந்து பாக்காதவர். தெருவிலேருந்து வரல, தரையில சேறு இல்ல. கீபோட்டுல வந்தது சாம்பிராணி இல்ல, ஈயத்துக்குப் போடுற பிசின். பூட்டு அந்தப் பக்கம். பழுப்பு சுவிட்ச்சுக்காக வேறொரு பழைய கந்தோர்க் கீபோட்டைக் கழட்டியிருக்காரு; அதோட தகட்டுலதான் இன்னிக்கு அவர் ஸ்க்ரூ டிரைவர் நிக்குது."

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். ஆண்டியப்பன் தலையைச் சொறிந்தார்.

"நான் பண்ணினதுதாங்க," என்றார்.

மாஸ்டர் எழுந்துவிட்டார். "என்ர சாமானில கை வைக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லையா? ஏன் செய்தனீர்?"

"அதையும் நான் சொல்லவா மாஸ்டர்?" என்றார் மூர்த்தி அமைதியாக. "மூலையில தேயிலைப் பெட்டியில புத்தகம் கட்டுறீங்க. மேல பிள்ளை சிணுங்கினா ஒங்க தலை குனியுது. அழகம்மா கடையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, இல்லையா?"

மாஸ்டர் மெதுவாக உட்கார்ந்தார். பிரேமினி திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள்.

"மாசக் கடைசிக்குள்ள," என்றார் அவர். "பிள்ளை நித்திரை கொள்ளுதில்லையாம். அந்த மனுசியில பிழை இல்லை. பிள்ளையளிட்ட எப்பிடிச் சொல்லுறதெண்டு..."

"எனக்குப் பலகை வழியா கேட்டுச்சு," என்றார் ஆண்டியப்பன். "இந்த ஒரு கீபோட்டுதான் மேல பலகையில போயி அடிக்குது. அதை அடக்கிட்டா அந்தம்மா விட்டுருவாங்கன்னு தோணுச்சு. ஒங்ககிட்ட கேட்டா தரமாட்டீங்க. போயா அன்னிக்கே மாத்திட்டேன். பிரேமினி மேல பழி விழும்னு சத்தியமா நெனைக்கலைங்க. நேத்து அது காதுல விழுந்ததும் வந்து சொல்லிரணும்னு ரெண்டு தடவை வாசல் வரைக்கும் வந்தேன். எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல. நாமதான் பேசிக்கிறதில்லையே."

நாகலெட்சுமிக்கு அடக்க முடியவில்லை. "எழுத்தெல்லாத்தையும் மாத்தினவரு நீளக் கட்டையை மட்டும் ஏன் விட்டீங்க? சுவிட்ச் பத்தலையா?"

மூர்த்தி அவளைப் பாராட்டுகிறாற்போல் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் பல வருடம் நினைத்து மகிழ்ந்தாள். "எனக்குத் தெரியாதது அது ஒண்ணுதான்," என்றார். "சத்தம் போகணும்னா அதைத்தான் மொதல்ல மாத்தணும்."

ஆண்டியப்பன் பலகைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பத்தாம இல்ல. ஒண்ணு கையிலேயே இருந்துச்சு. அதையும் மாத்திரலாம்னு ஈயம் வைக்கிற கோலைக்கூட சூடாக்கிட்டேன். அப்புறம் மனசு வரல. காலையில கடை தெறந்தா இந்தப் பக்கம் டக்கு டக்குன்னு பிள்ளைங்க அடிக்கும். மொதல்ல எல்லாம் ரேடியோவை நான் சத்தமா வைக்கிறதே சாயங்காலம் அது நின்னதுக்கப்புறம்தான்னு இருந்தேன். பிறகு பகல்லயும் வச்சேன், அதுலதான் சண்டை வந்துச்சு. அது மொத்தமா நின்னுட்டா அந்தப் பக்கம் யாருமே இல்லாத மாதிரி ஆயிரும்ல. சொல்லுக்கு ஒரு டக்காவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவையில்லாத நேரம் துடைத்தார். எங்கேயோ வடக்கே, கூரை போன ஒரு மண்டபத்தில் அவருடைய மெசின்கள் எல்லாம் கிடந்தன. போர் நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்த பிறகு போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தவர் அவர். சத்தத்தை ஏன் அவர் அப்படிக் கட்டிப்பிடித்தார் என்று நாகலெட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது.

"பிள்ளை," என்றார் மாஸ்டர். "இஞ்ச வந்து இரு. அடி பார்ப்பம்."

பிரேமினி உட்கார்ந்தாள். ஆண்டியப்பன் முதன்முதலாக வாசல் வழியாக உள்ளே வந்து, அந்த இரண்டு மூடிகளையும் கழற்றி, அவள் காட்டிய இடத்தில் மாட்டினார். அவள் தட்டத் தொடங்கினாள். முதலில் தடுமாறினாள். எழுத்தெல்லாம் மௌனம், சொல் முடிந்ததும் ஒரு டக். மாஸ்டர் தன் விரலால் மேசையில் அந்த டக்கை மட்டும் கூடவே தட்டினார். இரண்டாவது பக்கத்தில் அவள் தோள் இறங்கியது. மூன்றாவதில் சொற்கள் சீராக வந்து விழுந்தன. மேலே குழந்தை அழவில்லை.

"நான் உன்னில பழி போட்டது பெரிய பிழை," என்றார் மாஸ்டர் எல்லார் முன்பும். "சனிக்கிழமை ஆறரை பஸ். நேரத்துக்கு வந்திடு."

அழகம்மா மாசக் கடைசியில் இறங்கி வந்து, "அட, இன்னும் பாடம் நடக்குதா? நான் மூடிட்டீங்கன்னு நெனைச்சேன்," என்றாராம். காலி பண்ணும் பேச்சு அதோடு போயிற்று. புத்தகங்கள் பழைய இடத்துக்கே திரும்பின; காலியான தேயிலைப் பெட்டிகளில் றமணன் தன் பாட்டு கசெட்டுகளை அடுக்கி வைத்தான்.

தேர்வு முடிந்து சில வாரம் சென்று, ஒரு மத்தியானம் பிரேமினி பஸ்ஸிலிருந்து குதித்து ஓடி வந்தாள். நாகலெட்சுமி கூப்பிட்டும் நிற்கவில்லை. நேரே நிலையத்துக்குள் போனாள். பின்னாலேயே ஓடிய நாகலெட்சுமி வாசலில் மூச்சு வாங்கி நின்றாள். மாஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். பலகைச் சுவருக்கு அப்பால் ரேடியோவில் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பிரேமினி கீபோட்டின் துணியை எடுத்தாள். எழுத்து எதையும் தொடவில்லை. நீளக் கட்டையை மட்டும் இரு கட்டைவிரலாலும் மாற்றி மாற்றித் தட்டினாள். டக், டக், டக், டக்.

பாட்டு சட்டென்று நின்றது. அடுத்த கணம் அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது. போயா அன்று மட்டும் களவாகத் திறந்த அந்தக் கதவை இப்போது வெளிப்படையாகத் திறந்துகொண்டு, கையில் ஸ்க்ரூ டிரைவருடன் ஆண்டியப்பன் நின்றார்.

"வேலை கெடைச்சிருச்சாம்மா?" என்றார்.

அவள் ஆம் என்று தலையாட்டியதும், மாஸ்டருக்குச் சொல்ல மழையில் குடையில்லாமல் ஓடியவர் அவர்தான்.